சிவகாமியின் சபதம்: சமயப் பூசலும் காதலும் ஒரே கதைதான்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படிக்கத் தொடங்கி, முதல் பாகத்தின் பாதியில் நிற்கிறீர்கள். பல்லவ இளவரசர் மாமல்லர், நடனப் பெண் சிவகாமி இருவரின் காதல் உங்களை இழுக்கிறது. நடுநடுவே சமணம், பௌத்தம், சைவம் என்று வரும் பேச்சு தடுக்கிறது. அந்தச் சமயப் பூசலில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு? பின்னணி தெரியாமல் மேலே போகலாமா? ஒரு புத்த பிட்சுவைப் போய் வில்லனாக்கியது நியாயமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

பின்னணி தெரியாமலேயே தாராளமாக மேலே போகலாம். நம்மில் பலர் பள்ளி வயதில் அப்படித்தான் படித்து முடித்தோம். ஆனால் காதலைத் தனியாகவும் மதச் சண்டையைத் தனியாகவும் பிரித்து வைத்துக்கொண்டு, ஒன்றுக்காக மற்றொன்றைப் பொறுத்துக்கொண்டு படித்தால் நாவலில் பாதிதான் கையில் கிடைக்கும். மூன்றாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் ‘பிக்ஷுவின் காதல்’. துறந்தவனுக்குக் காதல் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியில் இரண்டு கதைகளும் ஒன்றாகிவிடுகின்றன. அதை மனதில் வைத்து முதல் பாகத்தைப் படித்தால், இப்போது உங்களைத் தடுக்கும் இடங்களே சுவாரசியமாகிவிடும்.

தத்துவ வாதத்தை இந்த நாவலில் தேட வேண்டாம். கர்மம், நிர்வாணம், பதி, பசு, பாசம் பற்றியெல்லாம் நீண்ட தர்க்கம் எதுவும் கிடையாது. இங்கே சமயம் கேட்பது இன்னும் எளிய, இன்னும் கடினமான ஒரு கேள்வி: இந்த உடம்பு, இந்தக் கலை, ஒருவர்மேல் வைக்கும் ஆசை, இவை விடவேண்டியவையா, கடவுளிடம் கொண்டுபோக வேண்டியவையா? ஏழாம் நூற்றாண்டில் பக்தி இயக்கம் சமண, பௌத்தத் துறவிகளோடு போட்ட சண்டையின் உயிர்நாடியும் இதுதான். பாட்டை, நடனத்தை, ஆண் பெண் காதலின் மொழியை அப்படியே எடுத்து இறைவன்முன் வைத்தார்கள் நாயன்மார்களும் ஆழ்வார்களும். அந்த நூற்றாண்டைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் ஒரு நடனப் பெண்ணைக் கதாநாயகியாக்கியது அழகுக்காக மட்டும் இல்லை. அவள் ஆடுவதே அந்த விவாதத்தில் ஒரு பக்கத்தின் வாதம். அவள் ஆட்டத்தில் மனம் பறிகொடுக்கும் பிட்சு, மறுபக்கத்தில் விழுந்த விரிசல்.

சிவகாமியின் தந்தை ஆயனச் சிற்பியின் வீட்டை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். காஞ்சிக்கு வெளியே காட்டின் நடுவே வீடு. மகள் ஒரு அபிநயம் பிடிக்கிறாள், அப்பா அதைக் கல்லில் பிடிக்கிறார். மானும் கிளியும் தாமரைக் குளமும் சுற்றிலும். அதே வீட்டில் பெரிய புத்தர் சிலை ஒன்றும் இருக்கிறது. ஆயனருக்கு அது எந்தச் சமயத்தின் சிலை என்பதில் அக்கறை இல்லை, வடிவத்தில்தான் அக்கறை. அஜந்தா ஓவியங்களின் நிறம் மங்காத இரகசியத்தைத் தெரிந்துகொள்ள அவர் எதையும் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அவை புத்த பிட்சுக்கள் வாழ்ந்த குகைகள் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. மாமல்லரின் தந்தையான அரசர் மகேந்திரவர்மர் வருகிறார் என்றதும், நீங்கள் வில்லன் என்று சொன்ன அந்தப் பிட்சு நாகநந்தி போய் ஒளிவது அந்தப் புத்தர் சிலைக்குப் பின்னால். காவியுடையில் இருப்பவன் புத்தரையே மறைப்பாக வைத்துக்கொள்கிறான். கதைச் சுவாரசியத்துக்காக எழுதிய ஒளிவு மறைவுக் காட்சி என்று கடந்துபோய்விடக்கூடிய இடம் அது. எனக்கு அந்த ஒரே காட்சியில் நாகநந்தியின் முழு வாழ்க்கையும் தெரிகிறது.

இன்னொரு இடத்தையும் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். நாவுக்கரசர் முன்னிலையில் சிவகாமி ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்’ என்ற அவருடைய திருத்தாண்டகத்துக்கு ஆடும் காட்சி. பாட்டு கல்கி எழுதியதில்லை, தேவாரத்தின் ஆறாம் திருமுறையில் இருப்பது. ஒரு பெண் முதலில் அவன் பெயரைக் கேட்கிறாள். பிறகு அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்கிறாள். பிறகு அவனுடைய ஆரூரைப் பற்றிக் கேட்கிறாள். பிறகு அவன்மேல் பித்தாகிறாள். அன்றைக்கே அன்னையையும் தந்தையையும் விடுகிறாள், ஊர் உலகத்து ஒழுங்கை விடுகிறாள், தன்னை மறக்கிறாள், தன் பெயரும் கெடுகிறாள், கடைசியில் தலைவன் தாளைச் சேர்கிறாள். ஒவ்வொரு வரியிலும் ஒரு படி. கேள்விப்படுவதில் தொடங்கித் தன்னை இழப்பதில் முடியும் இந்த வரிசை எந்தக் காதலுக்கும் பொருந்தும். சிவனுக்கான பாட்டு என்று தெரியாதவர் இதைக் காதல் பாட்டு என்றே சொல்வார். சிவகாமி ஆடும்போது அவள் மனதில் இருப்பது ஆரூர்ச் சிவனா, மாமல்லரா? பார்க்கிறவர்கள் ஒவ்வொருவரும் அதில் எதைக் கண்டார்கள்? இந்தக் கேள்விகளோடு அந்த அத்தியாயத்தைப் படியுங்கள். அந்தப் பதிகத்தின் வரிகளை நினைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் பாகம் முடியும்வரை தேவைப்படும்.

இனி வரலாறு. இதில் மூன்று வகையான சான்றுகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் ‘எவ்வளவு உண்மை’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலாவது, பெரியபுராணம். மகேந்திரவர்மர் சமணராக இருந்தார், நாவுக்கரசரால் சைவரானார் என்று நாவல் எடுத்துக்கொள்வதன் வேர் இங்கே இருக்கிறது. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் (பின்னாளில் நாவுக்கரசர்), இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரான பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் ஆகிறார். சூலை நோய், அதாவது கடும் வயிற்றுவலி, வருகிறது. தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்குத் திரும்பி வந்து பாடுகிறார், நோய் நீங்குகிறது. சமணர்கள் பல்லவ மன்னனிடம் முறையிடுகிறார்கள். நீற்றறை (சுண்ணாம்புக் காளவாய்), நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் எறிதல் என்று வரிசையாகத் தண்டனைகள். எல்லாவற்றிலிருந்தும் அவர் மீண்டு வர, மன்னன் சைவனாகிறான். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டுகிறான். இதைச் சேக்கிழார் எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில், நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டு கழித்து. அந்த மன்னனை அவர் மகேந்திரன் என்று பெயர் சொல்லவும் இல்லை. குணபரன் என்பது மகேந்திரவர்மரின் பட்டப்பெயர் என்பதால் பிற்கால ஆய்வாளர்கள் இணைத்தார்கள். அதே சமயம் எல்லாவற்றையும் சேக்கிழாரின் கற்பனை என்று தள்ளவும் முடியாது. சமணரோடு இருந்த நாட்களை நினைத்து வருந்துவதும், கல்லோடு பூட்டி நீரில் தள்ளப்பட்டதும் நாவுக்கரசரின் சொந்தப் பதிகங்களிலேயே இருக்கின்றன.

இரண்டாவது, கல்வெட்டுகள். திருச்சி மலைக்கோட்டையில் மகேந்திரர் குடைந்த குகைக் கோயிலில் ஒரு வடமொழிச் சுலோகம் இருக்கிறது. எதிர்நெறியிலிருந்து திரும்பிய ஞானம் இந்த லிங்கத்தால் உலகில் நெடுங்காலம் பரவட்டும் என்பது அதன் கருத்து. மதம் மாறியதற்கு அரசரே தந்த வாக்குமூலம் இது என்று பலர் கொண்டார்கள். தர்க்க சாத்திரச் சொற்களை வைத்துச் செய்த சிலேடை, அதிலிருந்து மதமாற்றத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது தரப்பின் எச்சரிக்கை சரியாகப் படுகிறது. காரணம், மகேந்திரரின் மற்றக் கல்வெட்டுகள். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் அவர் குடைந்த கோயில் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் உரியது. மகேந்திரவாடியில் குடைந்தது திருமாலுக்கு. விசித்திரசித்தன் (விந்தையான உள்ளம் கொண்டவன்) என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு மனிதரை ஒரே சமயக் கட்டத்துக்குள் அடைப்பது கடினம்.

மூன்றாவது சான்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாவலோடு சேர்த்துப் படிக்க வேண்டியதும் அதுதான். மகேந்திரவர்மர் வடமொழியில் எழுதிய ‘மத்தவிலாசம்’ என்ற அங்கத நாடகம். தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு, ஒரே அமர்வில் படித்துவிடலாம். கதை நடப்பது காஞ்சித் தெருக்களில். சத்தியசோமன் என்ற காபாலிகனும் (மண்டையோடு ஏந்தித் திரியும் சைவத் துறவி) அவன் துணைவி தேவசோமையும் கள் மயக்கத்தில் திரிகிறார்கள். பிச்சை வாங்கும் மண்டையோடு காணாமல் போகிறது. உண்மையில் எடுத்துப்போனது ஒரு நாய். பழியோ வழியில் வந்த நாகசேனன் என்ற புத்த பிட்சுவின்மேல் விழுகிறது. அந்தப் பிட்சு மேடைக்கு வரும்போது என்ன யோசித்துக்கொண்டு வருகிறான் தெரியுமா? நல்ல மாளிகையில் தங்கவும், நல்ல உணவு உண்ணவும் எங்களுக்கு இடம் தந்த புத்தர், மதுவையும் மங்கையரையும் மட்டும் எப்படி மறுத்திருப்பார்? மூல நூலில் அதற்கும் அனுமதி இருந்திருக்கும், இளம் பிட்சுக்கள்மேல் பொறாமை கொண்ட கிழவர்கள்தான் அதை மறைத்துவிட்டார்கள், அந்த மூலத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று!

நாகசேனனில் நாகநந்தியின் விதை இருந்ததா என்பதை நிரூபிக்க என்னிடம் சான்று இல்லை. ஆனால் காவியுடுத்தவனின் உள்ளே ஆசை புகைவதை மகேந்திரர் சிரிப்பாக எழுதினார், அவரையே பாத்திரமாக்கிய நாவலாசிரியர் அதைப் பயங்கரமாக எழுதினார். அருகருகே வைத்துப் படிக்கும்போது இரண்டும் கூர்மையாகின்றன. இன்னொன்றும் கவனியுங்கள். நாடகத்தில் பௌத்தன் மட்டும் சிரிப்புக்கு ஆளாகவில்லை. காபாலிகனும் பாசுபதனும் சைவ வழியினர்தான். அவர்களும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். நாவலின் கடைசிப் பாகத்திலும் சளுக்கியத் தலைநகரான வாதாபியில் ஒரு காபாலிகை வருகிறாள். சைவத்தின் இருண்ட ஓரத்தையும் கல்கி காட்டாமல் விடவில்லை.

அடுத்து, போர். பல்லவ, சளுக்கியப் போரைச் சைவ, பௌத்தப் போராகப் படித்துவிடாதீர்கள். நாவலும் முழுக்க அப்படிச் சொல்லவில்லை, ஆனால் பிட்சு எதிரியின் ஒற்றனாக வருவதால் அந்த எண்ணம் படிக்கிறவர் மனதில் தங்கிவிடுகிறது. சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி கிருஷ்ணா, கோதாவரிப் பகுதியான வேங்கியைப் பிடித்து அங்கே தன் தம்பி விஷ்ணுவர்த்தனனை அமர்த்தினான். தெற்கே அடுத்தது பல்லவ நாடு. மண்ணுக்கும் ஆதிக்கத்துக்கும் நடந்த போர் அது. புலிகேசியின் வெற்றிகளைப் பாடும் ஐஹொளெக் கல்வெட்டு 634ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைப் பாடிய ரவிகீர்த்தி ஒரு சமணர், கல்வெட்டு இருப்பதும் சமணக் கோயிலில். பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் போய் ஒடுங்கினான் என்று அது சொல்கிறது. பல்லவர் தரப்புச் செப்பேடோ, காஞ்சிக்கு அருகே உள்ள புள்ளலூரில் எதிரிகளை மகேந்திரர் அழித்தார் என்கிறது. இரண்டு தரப்பும் தன் வெற்றியைத்தான் எழுதும். காஞ்சி முற்றுகையை விவரிக்கும் இரண்டாம் பாகம் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே கிடந்த இடைவெளியில் எழுந்து நிற்கிறது. வரலாற்று நாவல் இப்படித்தான் வேலை செய்யும், அதில் குறை காண ஒன்றும் இல்லை. நரசிம்மவர்மர், அதாவது நாவலின் மாமல்லர், 642ஐ ஒட்டி வாதாபியைப் பிடித்தது உறுதி. வாதாபியிலேயே அவர் கல்வெட்டு இருக்கிறது. பரஞ்சோதியும் சான்று உள்ள பாத்திரம். வாதாபியைத் துகளாக்கிய படைத்தலைவர், பிறகு திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டராக வாழ்ந்தவர் என்று பெரியபுராணம் அவரைச் சொல்கிறது. ஆயனர், சிவகாமி, நாகநந்தி மூவரும் முழுக்கக் கல்கியின் கற்பனை.

சரி, பிட்சு வில்லனானது நியாயமா? இங்கே நான் நாவலின் பக்கம் முழுதாக நிற்க மாட்டேன். நாகநந்தி தனி மனிதனாக மிக ஆழமான பாத்திரம். தமிழ்ப் புனைவில் அவ்வளவு சிக்கலான எதிர்நாயகர்கள் அதிகம் இல்லை. வெறும் கெட்டவன் என்று அவனைத் தள்ள முடியாது. கலையை அவன் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் கதையில் இரண்டு மூன்று பேர்தான், சிவகாமியின் ஆட்டத்தை மாமல்லரைவிட நுட்பமாக ரசிப்பவனும் அவன்தான். சிக்கல் எங்கே என்றால், அவனுக்கு எதிர் எடையாக நிற்கக்கூடிய ஒரு நல்ல பௌத்தரோ சமணரோ கதையின் மையத்தில் இல்லை. சைவத்துக்கு நாவுக்கரசர் இருக்கிறார். மறுபக்கத்தில் அப்படி ஒரு ஒளி இல்லை. அதனால் படித்து முடிக்கும்போது, பௌத்தமும் சமணமும் காஞ்சிக்கு வெளியிலிருந்து வந்த ஆபத்துகள் என்ற எண்ணம் தங்கிவிடலாம்.

அது உண்மை இல்லை. சீனப் பயணி யுவான் சுவாங் 640ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்தார். அதாவது மகேந்திரர் மறைந்து, நரசிம்மர் ஆண்ட காலம். நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்கள் (புத்த மடங்கள்), பத்தாயிரம் பிட்சுக்கள், எண்பது தேவர் கோயில்கள், ஏராளமான சமணர்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, ஆனால் பௌத்தம் அந்த ஊரின் உள்ளே வேரோடு இருந்தது என்பது தெளிவு. சமணமும் அப்படியே. மகேந்திரரின் தந்தை சிம்மவிஷ்ணு; அவருக்கும் முந்திய சிம்மவர்மன் காலத்திலேயே பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக்குப் பல்லவர் நிலம் கொடுத்ததைப் பள்ளன்கோவில் செப்பேடு சொல்கிறது. அந்தத் திருப்பருத்திக்குன்றம் இன்றும் காஞ்சியை ஒட்டி இருக்கிறது, சமணக் கோயிலும் இருக்கிறது. விஜயநகரக் காலத்தில் இருகப்பர் என்ற அமைச்சர் அங்கே ஒரு சங்கீத மண்டபம் கட்டினார், அதன் விதானம் முழுக்க ஓவியங்கள். மகேந்திரர் சைவரானதோடு சமணம் காஞ்சியை விட்டுப் போய்விட்டது என்று நினைப்பவர்கள் அந்த மண்டபத்தின் கீழ் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

சமணத்துக்கும் பௌத்தத்துக்கும் கலை ஆகாது, காதல் ஆகாது என்பதும் பக்தி இயக்கம் தன் வாதத்துக்காக வரைந்த சித்திரம். மாதவியின் அரங்கேற்றத்தை அத்தனை நுணுக்கமாக எழுதிய சிலப்பதிகாரத்தின் ஆசிரியரைச் சமணர் என்றுதான் மரபு சொல்கிறது. காதலும் திருமணமுமாக நிறைந்த சீவக சிந்தாமணியை எழுதிய திருத்தக்கதேவர் சமணத் துறவி. எல்லாவற்றுக்கும் மேலாகப் பௌத்தக் காப்பியமான மணிமேகலை இருக்கிறது. நாடகக் கணிகையர் குலத்தில் பிறந்த பெண், அவளைத் துரத்திவரும் இளவரசன் உதயகுமாரன், காதலா துறவா என்ற கேள்வி. அவள் துறவைத் தேர்ந்தெடுக்கிறாள். அவள் கதை எங்கே நிறைவடைகிறது? காஞ்சியில், பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தருமம் கேட்டு. அதே காஞ்சியில் கல்கி இன்னொரு நடனப் பெண்ணையும் இன்னொரு இளவரசரையும் நிறுத்தி, துறவின் இடத்தில் பக்தியை வைத்துக் கதையை மறுபடி சொல்கிறார். அவர் அதை நினைத்துத்தான் எழுதினாரா என்பது முக்கியமில்லை. தமிழில் இந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். நாவலை முடித்த கையோடு மணிமேகலையை ஒரு நல்ல உரையோடு படியுங்கள். சமய நியாயத்தில் நாவல் விட்டுவைத்த மறுபக்கம் அங்கே முழு மரியாதையோடு இருக்கிறது.

வாசிப்பைப் பற்றி இரண்டொரு வார்த்தை. இது 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த தொடர்கதை. நான்கு பாகம், இருநூறுக்கும் மேற்பட்ட சிறு அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ஒரு திருப்பத்தில் முடியும், அடுத்தது சற்றுப் பின்னால் போய்த் தொடங்கும். ஒரே மூச்சில் நூறு பக்கம் படிப்பவருக்கு இந்த முன்னும் பின்னும் சலிப்புத் தரலாம். ஒரு நாளைக்கு நான்கைந்து அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அந்த வேகம் உடம்புக்குப் பழகிவிடும். பிக்ஷு, க்ஷேமம், விஹாரம் என்று வரும் அந்தக் காலத்து வடமொழிக் கலப்பு முதல் ஐம்பது பக்கத்தோடு உறுத்தாமல் போய்விடும். வஜ்ரபாகு, சத்ருக்னன், குண்டோதரன் என்று மாறுவேடமும் ஒற்றர் வேலையுமாக வரும் பகுதிகளைத் தாவிவிடாதீர்கள். யார் உண்மையில் யார் என்ற குழப்பம் அங்கே வேண்டுமென்றே வைக்கப்பட்டது. நாவலில் வேடம் போடாதவர்கள் மிகச் சிலரே. அரசரே வேடம் போடுகிறார். அப்படியிருக்கும்போது பிட்சுவின் காவியை மட்டும் வேடம் என்று சொல்லலாமா என்ற கேள்வி உங்களுக்கே எழும். தாவித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டாம் பாகத்தின் முற்றுகை விவரங்களில் சிலவற்றைத் தாவலாம், கதை கெடாது.

மகேந்திரரை அவசரப்பட்டு வெறுக்காதீர்கள், அவசரப்பட்டு வியக்கவும் வேண்டாம். கலைக்காக உயிரைக் கொடுப்பவர், மகனின் காதலுக்குக் குறுக்கே நிற்பவரும் அவரே. சிவகாமியின் கலையைக் கடவுளுக்கும் நாட்டுக்கும் உரியதாகப் பார்க்கும் அதே கண், அவளை ஒரு பெண்ணாகப் பார்க்கத் தவறுகிறது. இந்த ஒரு விஷயத்தில் அரசரும் பிட்சுவும் எவ்வளவு நெருங்கி நிற்கிறார்கள் என்று பாருங்கள். இருவருமே அவள் ஆட்டத்தை அவளைவிடப் பெரிதாக நினைப்பவர்கள்.

கடைசியாக ஒன்று. மூன்றாம் பாகம் முடிக்காதவர்கள் இதற்குமேல் படிக்காமல் நிறுத்திக்கொள்ளலாம். வாதாபியின் நாற்சந்தியில், சிறைப்பட்ட தன் நாட்டு மக்கள்மேல் சாட்டை விழாமல் இருக்கச் சிவகாமி ஆட வேண்டிவருகிறது. அதன்பிறகுதான் சபதம்: மாமல்லர் வாதாபியை எரித்துத் தன் கையைப் பிடித்து அழைத்துப் போகும்வரை இந்த நகரை விட்டு வரமாட்டேன் என்று. பிறகு மாமல்லரும் பரஞ்சோதியும் மாறுவேடத்தில் உயிரைப் பணயம் வைத்து வந்து கூப்பிடும்போது அவள் மறுக்கிறாள். ‘ஏன் இந்தப் பிடிவாதம், அன்றைக்கே போயிருக்கலாமே’ என்று படித்த எல்லாரும் ஒருமுறையாவது கோபப்பட்டிருப்போம்.

அந்த நாற்சந்தியில் என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் அவள் மறுப்பைப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாவுக்கரசர் முன் ஆடியபோது ஆட்டம் அவளைத் தன்னை மறக்கும் இடத்துக்குக் கொண்டுபோனது. அதே ஆட்டத்தைச் சாட்டையின் கீழ் தெருவில் ஆட வைத்துவிட்டார்கள். அவளுக்குத் தெய்வமாக இருந்த ஒன்றை அழுக்காக்கினார்கள். இரவோடு இரவாகச் சுவரேறித் தப்பித்தால் உயிர் மீளும், காதலனும் கிடைப்பான், அந்த அழுக்கு அப்படியே இருக்கும். காதலியாக மட்டும் இருந்திருந்தால் அவள் கிளம்பியிருப்பாள். விரதம் பூண்டவளாக நின்றதால் கிளம்பவில்லை. காதலுக்காகத் துறவை விட்ட பிட்சு அதே ஊரில் இருக்கிறான். காதலைவிடப் பெரிய ஒன்றுக்காகக் காதலனையே திருப்பி அனுப்புகிறாள் அவள். இவர்கள் இருவரில் துறவி யார் என்ற இடத்துக்கு நாவல் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் மறுத்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். அதன் விலையை ஆயிரக்கணக்கான வாதாபி மக்களும், அவளும், மாமல்லரும் கொடுக்கிறார்கள்; நான்காம் பாகம் அந்தக் கணக்கை மறைப்பதில்லை. ஆனால் அது பிடிவாதம் இல்லை.